காய்ச்சலும் பாய்ச்சலும்: பெங்களூரு ஏரிக்கரை ஒன்றில் இரும்பு செய்த வேலை

கே.ஆர்.புரம் தாண்டி, புது லேஅவுட்டுகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஏரி இருக்கிறது. அதன் மேற்குக் கரையில் நாங்கள் நட்ட நாற்றுகள் ஒரே பருவத்தில் ஓரிடத்தில் செத்தன, ஓரிடத்தில் மஞ்சளாயின, ஓரிடத்தில் ஆள் உயரம் வளர்ந்தன. எல்லா இடத்திலும் போட்ட மண் ஒன்றுதான். ஒரே லாரிக்காரர் ஒரே மேட்டிலிருந்து வெட்டிக் கொண்டுவந்து கொட்டிய செம்மண். வேறுபட்டது பெரும்பாலும் தண்ணீர்தான்: எங்கே எத்தனை நாள் நின்றது, எப்போது இறங்கியது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அந்தத் தண்ணீர் மண்ணின் இரும்பை என்ன செய்தது, இரும்பு செடிகளை என்ன செய்தது என்பதே இந்த ஆய்வு. ஏரியின் பெயரை விட்டுவிடுகிறேன். இங்கே நடந்தது பெங்களூரின் எந்த ஏரியிலும் நடக்கக்கூடியது.

இடம்

இது மழையை நம்பி வெட்டப்பட்ட ஏரி. மேட்டிலிருக்கும் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாக இதற்கு வரும், இது நிரம்பினால் அடுத்ததற்குப் போகும். கன்னடத்தில் அந்தக் கலிங்கைக் 'கோடி' என்பார்கள். செப்டம்பர், அக்டோபர் மழையில் நிரம்பி, பங்குனி சித்திரையில் பாதிக்கு மேல் வற்றிவிடும். வற்றிய இடத்தில் வண்டல் அள்ளி வயலுக்குக் கொண்டுபோனதை ஊரின் பழைய குடும்பங்கள் இன்னும் சொல்கின்றன.

இப்போது வற்றுவதில்லை. சுத்திகரித்த கழிவுநீர் வருடம் முழுக்க உள்ளே வருகிறது. கலிங்கில் பலகை வைத்து மட்டத்தையும் உயர்த்திவிட்டார்கள். எப்போதும் தண்ணீர் நிற்கிறதே என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

தூர்வாரி முடிந்ததும் நடைபாதைக்கும் தண்ணீருக்கும் நடுவில் செம்மண் நிரப்பி, தொழுவுரமும் கம்போஸ்ட்டும் கலந்து, சரிவான மேடை அமைத்தார்கள். நடும் வேலை எங்கள் குழுவுடையது. கல்வாழை, வசம்பு, வெட்டிவேர், கோரை ஆகியவற்றை நட்டோம். சம்பு தானாக வந்தது. அதன் விதை பஞ்சுபோல் பறக்கும், யாரும் கூப்பிட வேண்டியதில்லை. நட்ட அடுத்த வாரமே பெருமழை. மேடையில் தண்ணீரை ஒட்டிய கீழ்ப்பட்டை முழங்கால் ஆழத்துக்கு மூழ்கியது. நடுப்பட்டையில் தண்ணீர் ஏறி ஏறி இறங்கியது. நடைபாதையை ஒட்டிய மேல்பட்டை மழையில் நனைந்ததோடு சரி. தெற்கு மூலையில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. மேட்டு லேஅவுட்டிலிருந்து மண்ணுக்குள்ளாகவே கசிந்து வந்து, தரை எப்போதும் சொதசொதவென்று இருந்தது.

எண்ணெய்ப் படலம் என்று வந்த புகார்

முதலில் வந்தது செடியைப் பற்றிய புகார் அல்ல. தெற்கு மூலையில் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம், அடியில் ஆரஞ்சு நிறச் சேறு. யாரோ படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். பக்கத்து மெக்கானிக் கடையில் கழிவு ஆயிலைக் கொட்டுகிறார்கள் என்று பேச்சு. கடைக்குப் போய்ச் சத்தம் போடவும் நாலு பேர் கிளம்பிவிட்டார்கள்.

அங்கே ஓர் அடுக்ககத்தில் காவல் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாகர்கோவில் பக்கம், நஞ்சை வைத்து விவசாயம் செய்தவர். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் ஒரு குச்சியை எடுத்துப் படலத்தைத் தொட்டார். எண்ணெயாக இருந்தால் குச்சி போன வழி உடனே மூடிக்கொள்ளும், நிறங்கள் சுழலும். இது கண்ணாடிச் சில்லுபோல் கோணல் கோணலாக உடைந்து, துண்டு துண்டாக மிதந்தது. ஒட்டவில்லை.

"மக்களே, இது எண்ணெயில்ல. ஊத்துத் தண்ணி. எங்க வயல்ல ஓடைக்குப் பக்கத்துல இப்பிடித்தான் காவி பூக்கும். அந்த எடத்துல நாத்து நட்டா தவிட்டு நிறமாப் போயிரும்."

இரும்பைத் துருவாக்கி வாழும் பாக்டீரியாக்களின் படலம் அது. மெக்கானிக் கடை தப்பித்தது. ஆனால் அண்ணாச்சியின் கடைசி வாக்கியத்தை நான் அன்று சரியாகக் காதில் வாங்கவில்லை.

நாங்கள் செய்த தவறு

மூன்று வாரத்தில் செடிகள் சொல்ல ஆரம்பித்தன. மேல்பட்டையில் கல்வாழையின் குருத்திலைகள் வெளுத்தன, நரம்பு மட்டும் பச்சை. கீழ்ப்பட்டையிலும் தெற்கு மூலையிலும் நேர்மாறு. குருத்து பச்சையாக இருந்தது. அடியிலைகளின் நுனியில் குண்டூசித் தலையளவு பழுப்புப் புள்ளிகள் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து, இலை தாமிர நிறமாகிக் காய்ந்தது.

நாற்றுப்பண்ணையில் கேட்டபோது இரும்புச்சத்துக் குறைவு, அன்னபேதி போடுங்கள் என்றார்கள். மேல்பட்டைக்கு அது சரியான பதில். வேதியியல் படித்திருந்தும் நான் எல்லாப் பட்டைக்கும் சேர்த்துத் தலையாட்டினேன். செடிக்கு ஒரு பிடி என்று அன்னபேதியைத் தண்ணீருக்குள்ளும் போட்டோம். பத்து நாளில் கீழ்ப்பட்டையில் கல்வாழையைப் பிடுங்கினால் வேர் கரிபோல் கறுத்து வழுவழுவென்று கையோடு வந்தது, அழுகிய முட்டை நாற்றத்தோடு. இரும்பு மிஞ்சி நொந்துகிடந்த செடிக்கு இன்னும் இரும்பு ஊட்டியிருக்கிறோம். அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்பேட். இரும்போடு சல்பேட்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். அந்த நாற்றம் சல்பேட்டிலிருந்து வந்தது.

அதன் பிறகுதான் நின்று, மண்ணைப் பார்த்தோம்.

மண்ணைப் பார்த்த விதம்

ஆய்வகத்துக்கு அனுப்பிய மண்ணில் மொத்த இரும்பு எல்லாப் பட்டையிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே வந்தது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. செடிக்குக் கிடைப்பது மொத்த இரும்பு இல்லை, கரைந்திருக்கும் இரும்பு. அதைப் பார்க்க நாங்கள் பயன்படுத்தியவை எல்லாம் கைக்கு எட்டியவை.

முதலில் பாட்டில். தெற்கு மூலையில் ஒரு சாண் குழி தோண்டி, ஊறி வந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பாட்டிலில் பிடித்தோம். பிடித்தபோது தெளிவாக இருந்தது. மூடியைத் திறந்து வைத்தோம். சாயங்காலம் அடியில் காவிப் பொடி படிந்திருந்தது. அதே தண்ணீரைக் கடுக்காய் ஊறவைத்த நீரில் கலந்தால் கொஞ்ச நேரத்தில் மைபோல் கறுத்தது. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை செய்ததும் இதே வினையில்தான். ஏரியின் நடுவிலிருந்து எடுத்த மேல்தண்ணீர் அப்படிக் கறுக்கவில்லை.

அடுத்தது கம்பி. பூச்சில்லாத சாதா இரும்புக் கம்பியை முழ நீளத்துக்கு வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, பட்டைக்கு நாலாக அடித்து இறக்கினோம். ஐந்து வாரம் கழித்துப் பிடுங்கினோம். காற்று எட்டும் ஆழம்வரை செம்மையாகத் துருப்பிடிக்கும், எட்டாத இடத்தில் கம்பி சாம்பல் கறுப்பாக இருக்கும். மேல்பட்டைக் கம்பி நுனிவரை துரு. நடுப்பட்டையில் ஒரு சாண் அளவுக்குத் துரு, அப்புறம் கறுப்பு. கீழ்ப்பட்டையில் இரண்டு விரற்கடைதான். தெற்கு மூலையைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. தரையெல்லாம் ஆரஞ்சாக இருந்த அந்த இடத்தில் கம்பி இரண்டு விரலுக்குக் கீழே முழுக்கக் கறுப்பு. மேலே காவி பூத்திருக்கிறது என்றால் அடியில் காற்றில்லை என்று பொருள். அடியில் கரைந்த இரும்பு மேலே வந்து காற்றைப் பார்த்ததும் துருவாகிறது. நாம் காண்பது அந்தப் பயணத்தின் முடிவை.

கடைசியாக மண்வெட்டி. நடுப்பட்டையில் ஒரு பாளமாக வெட்டி எடுத்து வெயிலில் வைத்துப் பார்த்தோம். நாங்கள் போட்டது செக்கச் சிவந்த மண். வெட்டிய பாளம் மேலே சிவப்பு, கீழே போகப் போகச் சாம்பலில் கொஞ்சம் நீலம் கலந்த நிறம். அந்தச் சாம்பலுக்குள் ஊதுபத்திக் குச்சி தடிமனில் ஆரஞ்சுக் குழாய்கள் ஓடின. ஒன்றை நகத்தால் கீறித் திறந்தால், நடுவில் ஒரு வெள்ளைக் கோரை வேர். வேரைச் சுற்றி மட்டும் மண் துருவாகியிருந்தது. சற்றுத் தள்ளினால் சாம்பல். இவ்வளவு அழகாக ஒரு மண் தன் கதையைச் சொல்லி நான் பார்த்ததில்லை.

உள்ளே நடப்பது

செம்மண்ணின் சிவப்பே இரும்பின் சிவப்புதான். ஹெமடைட், கோதைட் போன்ற இரும்பு ஆக்சைடுகள் மண்துகள்மேல் பூச்சாகப் படிந்திருக்கின்றன. இவை ஃபெரிக் இரும்பு, தண்ணீரில் கரையாது. தண்ணீர் நின்றால் கதை மாறும். நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இருந்த ஆக்சிஜனை ஒன்றிரண்டு நாளில் தீர்த்துவிடும், மட்கும் பொருள் நிறைய இருந்தால் இன்னும் சீக்கிரம். நாம் மூச்சில் எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம். அது இல்லாதபோது இவை நைட்ரேட்டிடம் ஒப்படைக்கும், பிறகு மாங்கனீசிடம், பிறகு இரும்பிடம், அதற்கும் பிறகு சல்பேட்டிடம். கடைசிக் கட்டத்தில் மீத்தேன் வரும். 1987-ல் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த ஜியோபாக்டர் இப்படி இரும்பைச் சுவாசித்தே வாழ்கிறது. எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட இரும்பு ஃபெரஸ் ஆகிறது. ஃபெரஸ் கரையும், வேருக்குள் தாராளமாகப் போகும்.

எவ்வளவு கரையும்? நீரில் மூழ்கிய மண்ணைப் பற்றி இன்றும் அடிப்படையாக இருப்பது இலங்கையைச் சேர்ந்த பொன்னம்பெருமாவின் வேலை. நெல்லிலை தாமிர நிறமாவது இரும்பு நச்சால் என்று 1955-ல் காட்டியவர்களில் அவரும் ஒருவர். பிறகு பிலிப்பீன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது, 1972-ல் அதுவரை தெரிந்ததைத் தொகுத்து எழுதினார். இரும்பும் மட்கும் பொருளும் மிகுந்த அமிலச் செம்மண்ணில், மூழ்கிய ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கரைந்த இரும்பு 600 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 600 பங்கு) வரை ஏறலாம். பிறகு சரசரவென்று இறங்கி, 50 முதல் 100 அளவில் மாதக்கணக்கில் நிற்கும்.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. புதுச் செம்மண், அதில் கம்போஸ்ட், நட்ட மறுவாரமே மூழ்கல். இரும்பு உச்சிக்கு ஏறும் வாரங்களில் வேர் பிடிக்காத நாற்றை அதற்குள் வைத்திருக்கிறோம். முதலில் தண்ணீரை விட்டு, ஒன்றரை மாதம் பொறுத்து நட்டிருந்தால் கீழ்ப்பட்டையில் பாதி பிழைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தெற்கு மூலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே இரண்டாம் முறை நட்டதும் செத்தது. காரணம், அங்கே இரும்பு அந்த மண்ணிலேயே உண்டாகித் தீர்வதில்லை. மேட்டில் இறங்கும் தண்ணீர் காற்றில்லாத அடிமண் வழியாக வரும்போது இரும்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. தினமும் புதிதாக வருவதால் உச்சம் இறங்குவதே இல்லை. பள்ளத்தாக்கு ஓர வயல்களின் இரும்பு நச்சும் இதே வகை. அண்ணாச்சி 'ஊத்துத் தண்ணி' என்று ஒரே சொல்லில் சொன்னது இதைத்தான்.

மேல்பட்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே செம்மண்ணுக்கடியில் கட்டட இடிபாடு, சிமென்ட் காரை. மண் காரமாகிவிட்டது. அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். ஒரு படி ஏறினால் மண்நீரில் ஃபெரிக் அயனி ஏறத்தாழ 1,000 மடங்கு குறையும். சிவந்த மண்ணில் நின்றுகொண்டே செடி இரும்புக்கு ஏங்கியது. இடிபாட்டை அள்ளி எறிந்து கம்போஸ்ட் போட்டதில் தேறிவிட்டது.

வேர் செய்யும் எதிர்வேலை

செடிகள் இதையெல்லாம் சும்மா வாங்கிக்கொண்டு நிற்பதில்லை. கோரைத்தண்டை, சம்பு இலையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், தேன்கூடுபோல் காற்றறைகள் இருக்கும். இலையிலிருந்து வேர்நுனிவரை காற்று அந்த வழியாக இறங்குகிறது. கொஞ்சம் வேருக்கு வெளியேயும் கசிகிறது. அப்படிக் கசியும் ஆக்சிஜன்தான் வேரைத் தேடி வரும் ஃபெரஸை வாசலிலேயே துருவாக்கி நிறுத்துகிறது. பாளத்தில் பார்த்த ஆரஞ்சுக் குழாய் அதுதான். கோரை வேரைத் தண்ணீரில் அலசினாலும் அந்தக் காவி போகாது, வேரின் மேல் தோல்போலவே ஒட்டியிருக்கும். பாஸ்பேட், ஆர்சனிக் போன்றவற்றையும் அந்தக் காவி பிடித்து வைத்துக்கொள்ளும். அளவுக்கு மீறிப் படிந்தால் செடியின் ஊட்டத்துக்கே தடையாகலாம் என்பதும் உண்மை.

கல்வாழை எங்கள் கரையில் இந்த வேலையைப் போதிய அளவு செய்யவில்லை. இன்னும் வேர் ஊன்றாத இளநாற்று எந்தச் செடியானாலும் செய்யாது. அதனால்தான் கீழ்ப்பட்டையில் சம்பு மட்டும் ஓங்கியது. தாமரையும் அல்லியும் இருக்க வேண்டிய இடத்தில் சம்பு சுவர் எழுப்பிவிட்டால் பறவைக்கும் கஷ்டம், தண்ணீர் ஓட்டத்துக்கும் கஷ்டம். அதை அடக்க அதன் காற்றுக்குழாயையே பயன்படுத்தலாம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே தண்டை அறுத்துவிட்டால் கிழங்குக்குக் காற்று போகாது, அழுகிவிடும். மட்டத்துக்கு மேலே அறுத்தால் கத்தரித்து விட்டதுபோல் இன்னும் செழிக்கும். முதல் வருடம் மேலேதான் அறுத்தோம்.

தண்ணீரில் பச்சை ஏறியது

அந்தக் கோடையில் உள்வாய் மூலையில் பாசி கெட்டியாகப் படர்ந்தது, ஆகாயத்தாமரையும் சேர்ந்துகொண்டது. கழிவுநீரின் பாஸ்பேட் ஒரு காரணம். இன்னொன்று அடிமண். துருவாக இருக்கும் இரும்பு பாஸ்பேட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இரும்பு கரையும்போது பிடி தளர்ந்து பாஸ்பேட்டும் தண்ணீருக்குப் போகும். இங்கிலாந்து ஏரிகளில் மார்ட்டிமர் என்ற ஆய்வாளர் 1941, 1942-லேயே இதை விளக்கியிருக்கிறார். மழை ஏரியாக இருந்த காலத்தில் வருடாவருடம் கோடையில் கரை காய்ந்து, இரும்பு மறுபடி துருவாகி, பிடி இறுகும். வற்றாத ஏரியில் அந்த வாய்ப்பில்லை. சல்பேட் மிகுந்த கழிவுநீர் வந்தால் இரும்பு கந்தகத்தோடு சேர்ந்து கறுப்புச் சேறாக அடைபட்டுவிடும், பாஸ்பேட்டைப் பிடிக்க ஆளில்லாமல் போகும்.

இந்தப் பக்கத்து ஏரிகளின் தண்ணீர் கடைசியில் தென்பெண்ணைக்குப் போகிறது. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் செய்தியைத் தமிழ்நாட்டில் படிக்காதவர்கள் குறைவு. நுரைக்குக் காரணம் வேறு, அது சோப்புப் பொருள்களின் வேலை. ஆனால் அதே வழியில் பாஸ்பேட்டும் போகிறது. இங்கே ஒரு கரை காய்வதும் காயாததும் அங்கே இருப்பவர்களுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

செய்ததும் விளைந்ததும்

தண்ணீரை எப்படி நடத்துவது என்று பேசிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி சொன்னார்: "நெல்லுக்கே காய்ச்சலும் பாய்ச்சலுமாத்தான் விடணும். எப்பவும் தேக்கி வச்சா வேரு மூச்சு முட்டிரும். ஏரிக்கரைக்கு மட்டும் வேறயா?" கொஞ்ச நாள் காயவிடுவது, பிறகு தண்ணீர் விடுவது: எங்கள் திட்டம் அந்தச் சொல்லிலிருந்து வந்தது.

பொறுப்பிலுள்ள துறையிடம் பலமுறை நடந்து, கலிங்கில் ஒரு பலகையை எடுக்க அனுமதி வாங்கினோம். தை முதல் சித்திரை வரை மட்டம் ஒரு சாண் இறங்கியது. குடியிருப்பில் எதிர்ப்பு வந்தது. ஏரியைக் காயப்போடுகிறீர்களா, சேறு நாறுகிறதே என்று கேட்டார்கள். முதல் இரண்டு வாரம் நாற்றம் இருந்தது நிஜம். ஆழமான நடுப்பகுதியில் தண்ணீர் இருந்ததால் மீனுக்கும் தாழைக்கோழிக்கும் இடைஞ்சலில்லை. முழுக்க வற்றவைக்க நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். கறுப்புச் சேறு மொத்தமாகக் காற்றைப் பார்த்தால் கந்தகம் அமிலமாகும், அது வேறு தொல்லை.

தெற்கு மூலையில் கசிவுக்கு மேலே, முழங்கை ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டிச் சரளைக்கல் பரப்பினோம். ஊறும் தண்ணீர் திறந்த வாய்க்காலில் ஓடி, காவியை அங்கேயே இறக்கிவிட்டு, அப்புறம் ஏரிக்கு வருகிறது. மாதம் ஒருமுறை காவிச் சேற்றை வழித்தெடுக்க வேண்டும். விட்டால் அடைத்துக்கொள்ளும். கல்வாழையை அங்கே கைவிட்டோம். தண்ணீரில் ஊறிய பழைய மண்ணில் வேர்விட்ட பிறகே, கோரையை மட்டும் அங்கே நெருக்கமாக நட்டோம்.

அடுத்த மழைக்குப் பின் நடுப்பட்டையில் வசம்பும் கோரையும் இடைவெளியில்லாமல் நின்றன. கீழ்ப்பட்டையில் மட்டம் இறங்கியபோது நட்ட வசம்பு பெரும்பாலும் பிடித்துவிட்டது, அடியிலையில் புள்ளிகள் சில இருந்தாலும் பரவவில்லை. தெற்கு மூலையில் கோரை பிடித்த இடம் திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது. வாய்க்காலுக்கு அருகில் நன்றாக, தள்ளிப் போகப் போக மெலிந்து. பாசி குறைந்ததா என்று கேட்கிறார்கள். கொஞ்சம் குறைந்ததுபோல் கண்ணுக்குத் தெரிகிறது. அதே வருடம் உள்வாயில் ஆகாயத்தாமரையையும் வாரியெடுத்தோம், அதனால் இரும்பின் பங்கு இதில் எவ்வளவு என்று பிரித்து எழுத மாட்டேன்.

கீழ்ப்பட்டையில் அந்தக் கோடையில் இருந்த கம்பிகளைப் பிடுங்கியபோது துரு இரண்டு விரற்கடையிலிருந்து ஏறத்தாழ ஒரு சாணுக்கு இறங்கியிருந்தது. அண்ணாச்சி அதைத் துணியில் சுற்றி, தேதி எழுதி, தன் காவல் அறையில் வைத்திருக்கிறார். பலகையை மறுபடி எடுக்கும்போது யாராவது சண்டைக்கு வந்தால் காட்டுவதற்காம்.